முன்கூட்டியே போட்ட டிக்

இசைவாணி பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. தாளில் டிக் போட்டாள், அவ்வளவுதான்.

வல்லம் வடகாலில் எருமைக் கறியை வெட்டிப் பெட்டியில் அடைத்து கம்பெனி கேன்டீன்களுக்கு அனுப்பும் ஆலை அது. எட்டு வருஷம் பேக்கிங் லைனில் நின்று கால் வீங்கியவளைப் போன தை மாதம்தான் தரச் சோதனைக்கு மாற்றியிருந்தார்கள். பண்ணையிலிருந்து மாட்டோடு வரும் தாளை, ஊசி ஏதும் உடைந்து உள்ளே நின்றதா என்று வளர்த்தவர்களிடமும் கேட்டுச் சரிபார்ப்பது ஒரு வேலை. இன்னொன்று மெட்டல் டிடெக்டர். இரும்புத் துளி பதித்த அட்டையை மணிக்கொரு தரம் அதற்குள் விட்டு, கத்துகிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் லைன் நிற்கும், எல்லாரும் முறைப்பார்கள். அதனால் அங்கே ஒரு திவ்யமான வழக்கம் இருந்தது. காலை ஏழு மணிக்கு ஒருமுறை சோதித்துவிட்டு, பன்னிரண்டு வரைக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிடுவார்கள். இவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அப்படித்தான்.

பத்தேகாலுக்கு போன் வந்தது. மணிமங்கலம் பக்கம் எருமை வளர்க்கும் உலகம்மாள். அவள் மாடு முந்தாநாள்தான் வந்திருந்தது.

"எம்மா, அன்னிக்கு நீங்க கேக்கசொல்ல எங்க வூட்டுக்காரரு ஒண்ணும் இல்லன்ட்டாரு. ரெண்டு மாசம் முன்ன ஊசி போட்டப்ப மாடு திமிறி, முனை தொடையிலயே ஒடைஞ்சி நின்னுச்சி. துன்றவங்க தொண்டையில மாட்டிக்கினா இன்னா ஆவறது?"

அந்த மாட்டின் கறி ஒன்பது மணிக்கு டிடெக்டரைத் தாண்டி, ஒன்பதரை லாரியில் சுங்குவார்சத்திரத்துக் கேன்டீன் ஒன்றுக்குப் போயிருந்தது. டிடெக்டர் கத்தவில்லையே என்று இசைவாணி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்காமல் லைனை நிறுத்திச் சோதனை அட்டையை உள்ளே விட்டாள். அட்டை அந்தப் பக்கம் வந்து விழுந்தது. சத்தமே இல்லை. மறுபடி விட்டாள். அப்போதும் இல்லை. மேலாளருக்குப் போன் போட்டாள்.

தர மேலாளர் மோகன்ராஜ் ஓடி வந்தார். உலகம்மாள் சொன்னதைக் கேட்டார், தாளில் ஒன்பது, பத்து மணிக் கட்டங்களை மட்டும் பார்த்தார், முகம் தெளிந்தது. பத்து மணி வரை மெஷின் சரியாக இருந்திருக்கிறது, டிக் இருக்கிறது. ஊசி இருந்திருந்தால் ஒன்பதுக்கே கத்தியிருக்கும், லாரிக்குப் பயமில்லை, பத்துக்குப் பிறகு வந்த பெட்டிகளை மட்டும் நிறுத்தினால் போதும் என்று சொல்லித் திரும்பினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடு கறியையே காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் பதினொன்றரைக்குக் கேன்டீனில் அந்தக் கறி அடுப்பேறும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. எல்லாரும் செய்ததைத்தானே செய்தாள்?

"சார், பதினோரு மணி கட்டத்தையும் பாருங்க" என்றாள்.

அதிலும் டிக் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து.

"எல்லாம் ஏழு மணிக்கே நான் போட்டது சார். லாரிய திருப்புங்க."

அவர் அவளைத் திட்டக்கூட நிற்கவில்லை, போனை எடுத்தார். கேன்டீனில் ஆறு பெட்டிகளைப் பிரித்து, கறியைக் கழுவப் போட்டிருந்தார்கள். அத்தனையும் திரும்பி வந்தது. ஏழு மணிச் சோதனைக்குப் பிறகு டிடெக்டரைக் கழுவிவிட்டபோது ஒயருக்குள் தண்ணீர் இறங்கியிருந்ததை எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்துச் சரிசெய்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. நாற்பத்தோராவது பெட்டிக்கு மெஷின் கத்தியது. துருவேறிய அரை அங்குல முனை, சதைக்குள் படுத்திருந்தது.

நன்றி என்று யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங் லைன் என்றார் மோகன்ராஜ்.

இரண்டு மணி ஷிப்டில் அவள் இடத்துக்கு வந்த வனமாமலை புதுத் தாளை எடுத்தான். அட்டையை உள்ளே விட்டான், மெஷின் கத்தியது. இரண்டு மணிக் கட்டத்தில் டிக் போட்டான். பேனா பழக்கதோஷத்தில் மூன்றுக்குப் போனது. பக்கத்தில் இசைவாணி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தவன், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.