தைஸியா அக்காவின் பூனை முடி

தைஸியா அக்கா முப்பது வருஷம் எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் கொடி காட்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் ரோதியோன் தோம்ஸ்க் நகரத்துக்கே போய்விட்டான். மிச்சம் பூனை தூமான்தான். சைபீரியப் பூனைக்கு முடி புதிதில்லை, ஆனாலும் அவன் தனி ரகம். எட்டு கிலோ, சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது போல முடி. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவனுக்குத்தான்.

"உனக்குத் தலை, அந்த மயிர்மூட்டைக்கு நடுத்துண்டா? நல்லா இருக்குக்கா உன் நியாயம்" என்று நான் தெருவே கேட்கச் சிரித்திருக்கிறேன்.

"அவனுக்காவது பல்லு இருக்கு. திங்கட்டும் விடு" என்பாள்.

போன பிப்ரவரியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் அதற்குப் பூனை முடியில் பின்னிய பட்டைதான் வைத்தியம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தனை கிண்டல் செய்த வாயால் எப்படிக் கேட்பது? வீம்பு. தூமான் தினமும் மதியம் என் கணப்படுப்பின் கதகதப்பான திண்டு மேல் வந்து படுப்பான். நெருங்கிய பல் சீப்பை எடுத்தேன். உள்முடி தானாக உதிர ஏப்ரல் ஆகும். அதற்கு முன் கை வைத்தால் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கினேன். கொஞ்சம் பாலேடு வைத்தால் பேசாமல் இருப்பான், பாவம்.

பத்து நாளில் பட்டை தயார். பூனைக்குத் தொடையிலும் கழுத்திலும் தோல் தெரிந்தது.

அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஃபாயா, இங்க பாருடி. படையா இருக்குமோ?"

"இருக்கும்கா. வயசாச்சுல்ல" என்றேன். பட்டை அப்போது என் ஸ்வெட்டருக்குள் கதகதப்பாக இருந்தது.

தார் களிம்பு தடவினாள். அவன் படுத்த துணியையெல்லாம் எரித்தாள். அதோடு முடியவில்லை. மார்ச்சில் ரோதியோனின் புது வீட்டுக் குடிபுகல். எங்கள் வழக்கப்படி வாசலைப் பூனைதான் முதலில் தாண்ட வேண்டும், தூமானைத்தான் கூட்டிவர வேண்டும் என்று புத்தாண்டிலேயே சொல்லியிருந்தான். ஆறு வருஷத்தில் மகன் வா என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவனைக் கொண்டுபோகும் கூடைக்குப் புது உறைகூடத் தைத்து வைத்திருந்தாள்.

"நான் போகலடி" என்றாள். "சொறிப்பூனையக் கொண்டுபோனா மருமக மூஞ்சில எப்படி முழிக்கிறது? நோவோட இவனைத் தனியா விடவும் மனசு வரல."

நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பேச்சை வளர்த்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயம். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மருமகளோட தங்கச்சி வீட்டுப் பூனைய முதல்ல உள்ள விட்டாங்களாம்" என்று பிறகு வந்து சொன்னாள். "மொட்டைப் பூனையாம். பொறந்ததுலேர்ந்து ஒரு முடி கிடையாதாம். அதுக்கு நம்மாளையே கொண்டுபோயிருக்கலாம் போல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அடுத்த வாரம் செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்தாள். தூமான் வழக்கம்போல என் அடுப்பு மேல் இருந்தான்.

"இடுப்பப் புடிச்சிட்டே நடக்கறியே, பாக்க முடியல. இவன் மூணு வருஷமா உதிர்த்ததெல்லாம் பைல கெடந்துச்சு. ஊருக்குத்தான் போகலையே, கை சும்மா இருக்கேன்னு பின்னிட்டேன். எந்திரி, கட்டி விடறேன்."

"வேணாம்கா, அப்புறமா நானே..."

அதற்குள் ஸ்வெட்டரைத் தூக்கிவிட்டாள். அவள் விரல்கள் சாம்பல் நிறப் பட்டையின் மேல் நின்றன. விளிம்பைத் திருப்பி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். அந்த முடியை அவளுக்குத் தெரியாதா?

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றாள்.

அவ்வளவுதான். பழைய பட்டைக்கு மேலேயே புதியதைக் கட்டி முடிச்சுப் போட்டாள். தூமானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதும் தெருவில் பார்த்தால், "இடுப்பு எப்படிடி இருக்கு?" என்றுதான் கேட்கிறாள். சரியாகிவிட்டது என்று சொல்ல நாக்கு கூசுகிறது.