புளி போட்டு மினுக்கிய பித்தளை

எங்கள் வீட்டு பேஸ்மென்றில் பதினேழு பழைய மெசின்கள் இருக்கின்றன. வெடித்துமுடிந்த துப்பாக்கி ரவையின் வெறுங்கோதைத் திரும்ப நிரப்புவதற்கென்று செய்யப்பட்டவை. இந்த நாட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பித்தளைக் கோதுகளை எறிந்துவிடமாட்டார்கள். பொறுக்கிக்கொண்டு வந்து, கராஜ் மேசையில் பூட்டிய பிரெஸ்ஸில் ஒவ்வொன்றாக வைத்துக் கைபிடியை இழுத்து, நெளிந்ததை நேராக்கி, புது வெடிமருந்தும் ஈயமும் வைத்து மூடி அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பார்கள். நான் அந்த மெசின்களை மட்டும்தான் சேர்க்கிறேன். வாழ்க்கையில் ஒருமுறைகூடத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியின் எந்தப் பக்கத்தில் நின்ற ஆட்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

முதல் மெசின் கியூபெக்கில், லாசாலில் எங்கள் தெருவிலேயே கிடைத்தது. யூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். கொண்டுபோக மனமில்லாததைத் தெருவோரம் தள்ளிவிட்டுப் போவார்கள். ஊத்தை மெத்தை ஒன்றுக்குப் பக்கத்தில் அது கவிழ்ந்து கிடந்தது. வார்ப்பிரும்பு, தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. நான் இருபத்தைந்து வருடமாக லேத்தில் நிற்கிறவன். கைபிடியை ஆட்டிப் பார்த்தேன். துரு இறுகியிருந்தாலும் ஒவ்வொரு மூட்டும் மயிரிழை பிசகாமல் கடையப்பட்டிருந்தது. இப்போது எங்கள் தொழிற்சாலையில் அவசரத்துக்கு அடித்து அனுப்புகிற சாமான்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அது என்ன மெசின் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் வேலையிடத்தில் ஒரு கியூபெக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு விளங்கப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். கள்ளு வடிக்கிற மெசின் என்று சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். “வெறுங்கோதைத் திரும்ப நிரப்பிற மெசினோ?”

“ஓம். ஆனால் நான் நிரப்பப் போறேல்லையப்பா. மருந்தும் வாங்கமாட்டன், ஈயமும் வாங்கமாட்டன். எனக்கு இரும்புதான் வேணும். இந்த வீட்டில இருந்து ஒண்டும் வெடிக்காது. என்னை நம்பும்.”

அவள் கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள். அவளுடைய அண்ணையை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. படியைக் கழுவி விட்டதும் அவள்தான். கலியாணம் முடித்த புதிதில் இதை ஒருமுறை எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த இரும்பை வீட்டுக்குள் இறக்கினேன். அன்றையிலிருந்து அவள் பேஸ்மென்ற் படியில் கால் வைக்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெசினைக்கூட நான் மேலே குசினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பூட்ட வேண்டியதாயிற்று. அதைப் பெரிய விட்டுக்கொடுப்பு என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். என்ன மனிதன் நான்.

சனங்களும் சும்மா இருக்கவில்லை. வில்லரேயில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் றோல்ஸைக் கடித்துக்கொண்டே, “அங்கை வெடிச்சது காணாதெண்டே அண்ணை, இஞ்சையும் பட்டறை போட்டிருக்கிறியள்?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“உம்மட வீட்டில கிடக்கிற கரோக்கே மெசின் கொல்லுற அளவுக்கு என்ர மெசின் ஆரையும் கொல்லேல்லை,” என்றேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நல்லது என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலையில் என்னைப் பிடித்து வைத்திருந்தது பொறுமைதான். வெளியில் பொறுமை இல்லாதவனுக்கு அங்கே பொறுமை வந்தது. துருவைச் சுரண்டக் கூடாது. எண்ணெயில் ஊறப் போட்டு நாட்கணக்காகக் காத்திருந்து, துணியால் துடைத்து, திரும்பவும் ஊறப் போட வேண்டும். தொலைந்துபோன ஆணிகளை வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே கடைந்து எடுப்பேன். கோடையில் பேஸ்மென்ற் ஈரம் குடித்துவிடும். அதை உறிஞ்சுகிற மெசின் ஒன்று இரவு பகலாக ஓடும். ஒவ்வொரு திருகாணியும் தனித் தகரப்பெட்டியில், மேலே பெயர் எழுதி ஒட்டி இருக்கும். மூட்டுகள் சரியாக இறங்குகின்றனவா என்று பார்க்க ஒரு பெட்டி நிறைய வெறுங்கோதுகள் வைத்திருந்தேன். கோதின் அடியைப் பார்த்தே எந்த நாடு, எந்தக் காலம் என்று சொல்வேன் என்று லவாலில் உள்ள சேகரிப்பாளர்கள் மத்தியில் எனக்குப் பெயர். அந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் என்னை மதித்தார்கள். அந்த மதிப்பு எனக்குத் தேவையாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

என்னிடம் இருந்தவற்றில் சிறந்தது மெசின்கூட இல்லை, மருந்து அளந்து கொட்டுகிற ஒரு பித்தளைச் சாமான். ஒரு சாண் உயரம். நடுவில் சுழல்கிற உருளை, அதில் மெல்லிய அளவுக்கோடுகள், கோடுகளுக்குள் கறுப்பு மை. பித்தளை முழுவதும் தேத்தண்ணீர் நிறத்தில் கருத்திருந்தது. அந்தக் கருப்புத்தான் அதன் வயது. யாரும் கைவைத்து மினுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வசந்தத்தில் லவாலில் நடக்கிற கண்காட்சிக்கு அதைக் கொண்டுவரச் சொல்லி அங்கே ஒரு மூத்த சேகரிப்பாளர் ஆறு மாதம் முன்னரே சொல்லி வைத்திருந்தார்.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீடுகளில் அன்றைக்குப் புத்தகங்களோடு தொழிற் சாமான்களையும் படத்துக்கு முன்னால் வைப்போம். என்னுடைய அளவுகோலும் அவளுடைய தையல் கத்தரிக்கோலும் எப்போதும் இருக்கும். நான் காலை வேலை முடித்து நாலு மணிக்கு வந்தேன். சாம்பிராணி மணத்தது. படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், என் பித்தளைகள் எல்லாம் பொன் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன.

பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கியிருந்தாள். குத்துவிளக்கை எப்படி மினுக்குவாளோ அப்படி. மருந்து அளக்கிற சாமானை உருட்டிப் பார்த்தேன். கறுப்பு மை போய்விட்டது, கோடுகளில் பாதி தெரியவில்லை. உருளையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அவள் குசினி வாசலில் நின்றாள். விரல்களெல்லாம் புளி. முகத்தில் ஒரு வெட்கம், ஒரு சந்தோசம். ‘பாத்தீங்களே, நான் கீழ போனனான்’ என்கிற முகம். பதினொரு வருடத்தில் முதல்தரம் அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறாள். அது இன்று எனக்கு விளங்குகிறது. அன்று என் கண்ணுக்குப் பித்தளை மட்டும்தான் தெரிந்தது.

“உனக்கு அறிவிருக்கே? நூறு வருசத்தை ஒரு பிடி புளியில கழுவிப்போட்டாயடி.”

நான் அவளை எப்போதும் ‘நீர்’ என்றுதான் கதைப்பேன். அன்று முதல்தரம் ‘நீ’ வந்தது, ‘அடி’யும் வந்தது. அதோடு நின்றிருக்கலாம். என் நாக்கு அழுக.

“வேணுமெண்டுதானே செய்தனி? உன்ர கொண்ணன் செத்ததுக்கு என்ர சாமானில பழி தீர்க்கிறியோ?”

அவள் அழவில்லை. புளிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் படத்துக்கு முன்னால் இருந்தவற்றையெல்லாம் அள்ளினேன். சாமான்களுக்கு நடுவே மினுக்கிய வெறுங்கோது ஒன்றும் சந்தனப் பொட்டோடு நின்றது. என் பெட்டியிலிருந்து எடுத்திருப்பாள் என்று நினைத்து, கீழே கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குள் எறிந்தேன். கோதின் அடியைப் பார்த்தே ஊரைச் சொல்கிறவன் அதன் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வசந்தத்தில் கண்காட்சிக்குப் போனேன். பித்தளையை வைத்தால் அவமானம், வைக்காவிட்டால் சொன்ன சொல் தவறும். வைத்தேன். அதைக் கொண்டுவரச் சொன்ன லவால் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை அப்படியும் இப்படியும் திருப்பினார். யார் இதைச் செய்தது என்று பிரெஞ்சில் கேட்டார். “மனைவி,” என்றேன். சுற்றி நின்ற கிழவர்கள் தோளில் தட்டிச் சிரித்தார்கள். எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் அவளைக் கடித்துக் குதறினது போதாதென்று, வெளியிலும் கொண்டுபோய் நாலுபேர் சிரிக்க விட்டேன்.

லவால் பெரியவர் என்மேல் இரக்கப்பட்டு, நான் நெடுநாள் தேடிய ஒரு கைபிடியைச் சும்மா தந்தார். கைமாறாக வெறுங்கோதுப் பெட்டியை அப்படியே அவருக்குக் கொடுத்தேன். அவர் வேட்டைக்காரர், நல்ல பித்தளை என்று சந்தோசப்பட்டார். எனக்கும் அந்தப் பெட்டியைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருந்தது.

அந்த ஒரு வருடமும் வீட்டில் சோறு இருந்தது, தேத்தண்ணீர் இருந்தது, கதை இருக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கப் பலதடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பனி கொட்டுது, பால் முடிஞ்சுது என்று ஏதோ சொல்லி முடித்தேன்.

அடுத்த சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் அவளாகவே வந்தாள். “இஞ்சாருங்கோ. அந்தக் கோதைத் தாங்கோ. நாளைக்குப் படத்தில வைக்கோணும்.”

“எந்தக் கோது?”

“அண்ணையின்ர.” என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “படி கழுவேக்க எடுத்தது. தையல் பெட்டிக்க கிடந்தது. போன வருசம் உங்கட சாமான்களோட சேத்து மினுக்கி வைச்சனான். நீங்களும் நானும் அதோட சமாதானமாகலாம் எண்டு நினைச்சன்.”

“ஏனப்பா இவ்வளவு நாளும் கேக்கேல்லை?”

“நீங்கள் ஒரு திருகாணியைக்கூடப் பேர் எழுதி வைக்கிற ஆள். பத்திரமாத்தானே இருக்கும் எண்டு இருந்தன். அடியில ஊசியால ஒரு புள்ளடி போட்டிருக்கிறன், பாத்தால் தெரியும்.”

தேடி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பாலத்தைத் தாண்டி லவால் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் கராஜைத் திறந்துவிட்டார். கோதுகளை எல்லாம் நிரப்பி, கோடையில் குறி பார்த்துப் பழகுவதற்குச் சுட்டுவிட்டதாகவும், இனித் திரும்ப நிரப்பவேண்டும் என்றும் சொன்னார். ஒரு வாளி நிறையக் கிடந்தன. சீமெந்து நிலத்தில் கொட்டி, முழங்காலில் நின்று, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அவர் இரண்டுதரம் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். முந்நூறுக்கு மேல் பார்த்த பிறகு புள்ளடி கிடைத்தது. சின்னதாக, கோணலாக, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஊசியால் குறுக்கும் மறுக்குமாகக் கீறிய புள்ளடி.

அதன் அடியின் நடுவில் இருந்த, ஊசி குத்தித் தீப்பற்ற வைக்கிற பழைய சின்ன மூடியைக் கழற்றிவிட்டு, பெரியவர் புதுசு வைத்திருந்தார். அண்ணையைச் சுட்டபோது விழுந்த பள்ளம் போய், புது மூடியில் பெரியவரின் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருந்தது.

வேறொரு மூடி வைத்துப் பழையதுபோல் ஆக்க முடியுமா என்றுகூட யோசித்தேன். என்னால் முடியும், அவ்வளவு வேலை தெரியும். அந்த யோசனை வந்ததற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, குசினியில் பழப்புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, புகைக் கறுப்புப் போகும்வரை என் கையால் மினுக்கினேன். துடைத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். கதையில்லாத அந்த ஒரு வருடத்துக்கும் சேர்த்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அடியைத் திருப்பினாள்.

முப்பது வருடம் தையல் பெட்டிக்குள் வைத்துப் பார்த்த அடி. எந்தப் பள்ளம் எங்கே என்று அவளுக்கு மனப்பாடம். புதுப் பள்ளத்தைப் பெருவிரலால் தடவினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், லவால், வாளி, கோடை, எல்லாம். அவள் என்னைத் திட்டவில்லை.

“இந்த வீட்டில இருந்து ஒண்டும் வெடிக்காது எண்டு சொன்னனீங்கள்,” என்றாள்.

கோதை மேசையில் என் பக்கமாக வைத்துவிட்டு, நாளைய பூசைக்குப் புத்தகங்களை அடுக்கப் போனாள். அவளுடைய தையல் பெட்டிக்குள் அதற்கு இனி இடமில்லை. அது இப்போது கீழே, பெயர் எழுதாத ஒரு தகரப்பெட்டிக்குள், என்னுடைய மெசின்களோடு இருக்கிறது.