பற்றின் விளிம்பு

அயர்லாந்தில் ஒருவருக்குக் கால் வீங்கினால் நர்ஸ் முதலில் பேனாவை எடுக்கிறார். அழற்சியால் சிவந்த இடத்தின் ஓரமாகத் தோலிலேயே கோடு போடுகிறார். மறுநாள் சிவப்பு கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் மருந்து கேட்கிறது, தாண்டியிருந்தால் கேட்கவில்லை. எளிய ஏற்பாடு. நான் ஓட்டல் அடுக்களையில் பாத்திரம் கழுவுபவன். நனைந்த ஷூவுக்குள் விரலிடுக்கு வெந்து, அதன் வழியே கிருமி ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போல் ஆகிவிட்டது. அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஸ்டெல்லா, விரலை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "சேறே இல்லாத ஊர்ல சேத்துப்புண்ணு வாங்கிட்டு வந்திருக்கீங்களே!"

என் வார்டு நர்ஸ் பெயர் ஷிவான். எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமில்லாத பெயர். எப்படி இருக்கிறது என்று கேட்டார். உடம்பு சூடாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். உடனே எழுந்துபோய் அறையின் ஹீட்டரைக் குறைத்தார். வலி தொடங்கும் இடத்தை நான் காட்ட, அதை ஒட்டி நீல மையால் கோடு போட்டார். மறுநாள் காலையில் அந்தக் கோட்டைக் காணவில்லை. கறுத்த தோலில் நீல மை ஒளிந்துகொண்டது. ஷிவான் டார்ச் அடித்துச் சிவப்பையும் தேடினார். அதுவும் இல்லை. "குறைந்திருக்கிறது போலிருக்கிறது. டாக்டர் ஒப்புக்கொண்டால் ட்ரிப்பை நிறுத்திவிட்டு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம்" என்றார். காலோ உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஹீட்டர் விஷயத்துக்குப் பிறகு என் ஆங்கிலத்தின் மேல் எனக்கே நம்பிக்கையில்லை.

ஸ்டெல்லாவை நான் முதலில் பார்த்ததும் ஒரு வீங்கிய காலுக்குப் பக்கத்தில்தான். ஊரில் நான் நிருபராக இருந்து, அரியலூரைத் தனி மாவட்டமாக்குவார்களா என்று நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம். கரும்பு வெட்டும் ஆட்களைப் பற்றி எழுதத் திருமானூர் போனவன், அங்கே ஒரு சிறிய கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். கரும்புச் சோகை கிழித்த காலோடு ஒரு பெண் வந்தார். முழங்கால் வரை மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று, காய்ந்து செங்கல் நிறமாக இருந்தது. திட்டிக்கொண்டே கழுவிவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கே நர்ஸாக இருந்த, ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண்ணான ஸ்டெல்லா, தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"யாருக்கா பத்து போட்டது?"

"எங்க மாமியாதாங்க, நேத்து."

"அப்ப வீக்கம் எது வரைக்கும் இருந்துச்சு?"

"பத்து இருக்குற வரைக்குந்தான். அதுக்கு மேல எதுக்குங்க போடப் போவுது? சுண்ணாம்புக்குக் கூட கணக்குப் பாக்கும்."

ஸ்டெல்லா பற்றின் விளிம்புக்கு மேலே புறங்கையை வைத்தாள், பிறகு இன்னொரு காலில் அதே இடத்தில். "ஏறிடுச்சுக்கா" என்றாள். அந்தப் பெண்ணைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றினார்கள். கால் பிழைத்தது. அதையும் செய்தியாக அனுப்பினேன்; போடவில்லை.

இப்போது டூட்டி முடித்து வந்த ஸ்டெல்லா, என் காலில் அதே புறங்கையை வைத்தாள். காலைச் சன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் மினுங்கிய மையைக் கண்டுபிடித்தாள். கோட்டுக்கு மேல் மூன்று விரல் அகலத்துக்குக் கொதித்தது. ஷிவானை அழைத்து, "தொட்டுப் பாருங்கள்" என்றாள். ஷிவான் இரண்டு காலையும் தொட்டார். மறுபடி தொட்டார். முகம் மாறியது, டாக்டரைக் கூப்பிட நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு நின்றது, ட்ரிப்பில் மருந்து மாறியது. புதிய எல்லையில் ஸ்டெல்லா வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டினாள். இதை எங்கே கற்றாய் என்று ஷிவான் கேட்டார். பற்றுக்கு ஆங்கிலம் கிடைக்காமல் ஸ்டெல்லா "சேறு" என்றாள். "சேறா?" ஷிவான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் இங்கிலீசு தெரியாதா உனக்கு?" என்றேன் பிறகு.

"தெரியும். சொன்னா, அதையும் உங்க கால்ல பூசிப் பாக்கலாமான்னு கேப்பாங்க. பரவாயில்லையா?"

வீக்கம் மெல்ல இறங்கியது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது, ஈரத்தில் அந்த நீலக் கோடு தெளிவாகத் தெரிந்தது. மூன்று விரல் மேலே, பிளாஸ்திரி விட்டுப்போன பசையின் வெள்ளைக் கோடு. நடுவில் என் தோல். புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடில்லை. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கோட்டை முதலில் தேய்ப்பது என்று தெரியாமல் நின்றிருந்தேன்.