வளையத்துக்கு அளவெடுக்க வந்தவர்

போன சனிக்கிழமை வடாலாவில் எங்கள் கோயிலில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலத்துக்கு வளையம் கட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் முதல் ஊதா மெழுகுதிரியை ஏற்ற வேண்டும். கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, ஜரா பிடிங்க" என்று அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டுப் பீடத்தின் அந்தப் பக்கம் போனாள். நான் டேப்பைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யார் வீட்டுப் பெண், எதற்காக அளக்கிறாள்? தாராவியில் வளர்ந்தவர்களுக்கு டேப்பைக் கண்டால் வருகிற புத்தி அது.

நாங்கள் தாராவியில் இருந்தபோது நடந்தது இது. அப்போது நான் மாட்டுங்காவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். எங்கள் ஒற்றையறைக் கோலிக்கு மேலே பலகை போட்டு ஒரு மாலா, அதாவது மாடியறை. அதில் சகாயம் மைனி (சொந்தமில்லை, வாய்ப்பழக்கம்தான்) புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாடகைக்கு இருந்தாள். அந்த வருஷம் சந்து முழுக்க, குடிசைகளை இடித்துப் புது வீடு தருவதற்கான சர்வே பேச்சுதான். கீழே இருப்பவர்களுக்கு வீடு உண்டு, மாலாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்றார்கள். அதெல்லாம் புரளி என்றும் சிலர் சொன்னார்கள். சொன்னவர்களும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்கள்.

எங்கள் சந்துக்கு வளையம் கட்டுவது அம்மாவின் பொறுப்பு. கிறிஸ்து அரசர் திருநாள் முடிந்ததும் பழைய சைக்கிள் ரிம்மைத் தூசி தட்டி எடுப்பாள். நெட்டிலிங்க இலையைச் சுற்றி, ஞாயிறுக்கு ஒன்றாக மூன்று ஊதாத் திரியும் ஒரு ரோஸ் திரியும் வைப்பாள். ஊதா கிடைக்காத ஒரு வருஷம் வெள்ளைத் திரிக்குப் பட்டக் காகிதம் சுற்றினோம். செபத்துக்கு நடுவில் காகிதம் பற்றிக்கொண்டது. ஃபாதர் கண்ணை மூடியிருந்ததால் தப்பித்தோம். பச்சை இலை கருகுகிற வாடை எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் செபம் ஞாபகம் வரும்.

அந்த வருஷம்தான் அமல்ராஜ் வந்தார். முப்பது வயசு இருக்கும். தமிழர்கள் இருக்கும் இன்னொரு குடிசைப் பகுதியான சீத்தா கேம்ப்பிலிருந்து வந்து சந்து முனையில் வாடகைக்கு இருந்தார். "ரிம் சின்னதா இருக்கும்மா. சந்துக்கு நடுவுல பெரிய வளையமா தொங்கவிட்டா எல்லாரும் கீழ நின்னு செபிக்கலாம். நானே செஞ்சு தாறேன்" என்றார். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் டேப்போடு வந்து சுவருக்குச் சுவர் அளந்தார். அண்ணாந்து மாலா ஜன்னலைப் பார்த்து, "அங்க ஒரு கொக்கி அடிக்கணும். மேல இருக்கிறது உங்க ஆளுங்களா, வாடகையா?" என்று கேட்டார்.

அவர் போனதும் சகாயம் மைனி இறங்கி வந்தாள். "யக்கா, கொக்கி அடிக்கிறவனுக்கு அதெல்லாம் எதுக்கு?"

அன்றிலிருந்து சந்து மாறிவிட்டது. அமல்ராஜ் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரே குடும்பமாகத் தெரியட்டும் என்று மைனி தன் பிள்ளைகளுக்கு என் அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள். சின்னவன் குழம்பிப்போய்க் கண்ணில் பட்ட எல்லாரையும் பெரியம்மா என்றான். கல்யாணமாகாத என்னையும்.

"ஏட்டி, அந்த அமல்ராஜ் எங்க போறான் வாறான்னு பாரு" என்றாள் அம்மா. வேலை விட்டு நடந்து வரும்போது பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சந்திலிருந்து அமல்ராஜ் வெளியே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கூட மூன்று பேர், ஒருவன் கையில் பெயின்ட் டப்பா. கதவுகளில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். வேவு பார்ப்பதில் எனக்கிருந்த திறமை அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வெல்டிங் பட்டறையில் செய்த இரும்பு வளையத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள். அம்மா இலை உருவிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, நீங்க என்ன வேலை பாக்கிய?"

அவர் வளையத்தைக் கீழே வைத்தார். "சர்வே வேலைதாம்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அளக்கோம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்காட்டாலும் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா வளையம் கட்ட விட்டிருப்பியளா?"

அம்மா அடுத்த இலையை உருவினாள். "விட்டிருக்க மாட்டேன்."

மேலே ஜன்னலிலிருந்து மைனியின் குரல் வந்தது. "எங்க மாலாவ எழுதியாச்சா?"

"இல்லக்கா. இந்தச் சந்து என் கையில இல்ல. குடுத்தாலும் வாங்க மாட்டேன். உங்ககூட நின்னு செபிச்சிட்டு நான் எப்படி அளக்க?"

"அத நாங்க எப்படி நம்ப?"

அவர் குனிந்து வளையத்தில் ஒட்டியிருந்த வெல்டிங் பிசிறைத் தட்டினார். கடைசியில் அம்மாதான், "வளையத்த மாட்டுவோம். கொக்கிய என் செவுத்துல அடிங்க. மேல வேண்டாம்" என்றாள். எதிர்ச் சுவரில் உயரமாகவும் எங்கள் சுவரில் தாழவும் கட்டியதால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கியது. மெழுகு எங்கள் வாசலில் ஒழுகியது.

மறுநாள் பூசையில் ஃபாதர் வழக்கம்போல விழிப்பாக இருப்பதைப் பற்றிப் பேசினார். எங்கள் சந்து வாரம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தது. சாயங்காலம் முதல் திரியை மைனியின் மூத்தவள் ஏற்றினாள். அமல்ராஜ் எல்லாருக்கும் பின்னால் நின்று செபித்தார். அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, ரோஸ் திரி ஏற்றும்போது அவர் இல்லை. அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து கொஞ்ச நாளில் எங்கள் சந்துக்கும் சர்வே வந்தது. வந்தது ஒரு சின்னப் பெண். டேப் இல்லை, கையில் போன் மாதிரி ஒரு கருவி மட்டும். மைனி போட்ட டீயைக் குடித்தாள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள். பேச்சோடு பேச்சாக மைனி, மாலாவில் எத்தனை வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம் என்பதைத் தானே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கருவியில் தட்டிக்கொண்டாள். பின்னால் எங்களுக்கு வடாலாவில் வீடு வந்தது. மாலா கணக்கில் வரவில்லை. மைனி குடும்பம் தூரத்தில் பாண்டுப் என்ற ஊர்ப் பக்கம் வேறு வாடகைக்குப் போயிற்று.

"அமல்ராஜ் வந்திருந்தா சகாயம் வாயத் திறந்திருக்க மாட்டா" என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களை அளக்க மனமில்லாமல்தான் அவர் போனார் என்பது அம்மாவின் கட்சி. எங்கள் சந்தை யார் கையிலோ ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று எனக்கு இன்றும் ஒரு ஓரத்தில் தோன்றுகிறது.

அந்தச் சந்து இருந்த இடத்தில் இப்போது தகரத் தடுப்பு. அந்த நாளில் அங்கே புது ஆள் கால் வைத்தால் போதும், "யாரு வேணும்?" என்று நாலு வாசலிலிருந்து குரல் வரும். வடாலாவுக்கு வந்த புதிதில் அம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். கேட்பதற்கு யாரும் அந்தப் பக்கம் வராததால் பிறகு சாத்திவிட்டாள். அம்மாவும் இல்லை இப்போது. போன மாதம் எதிர் வீட்டுக்கு யாரோ குடிவந்திருக்கிறார்கள். பெயர் தெரியாது, நானும் போய்க் கேட்கவில்லை. நாங்கள் இங்கே வந்த அன்று லிஃப்டில் கூட ஏறியவர் கேட்டது ஒன்றே ஒன்று: எந்த மாடி?