கோழி அக்கா தலை நிமிர்ந்த கதை

எங்கள் ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு போடும் ஜன்னலில் இருப்பவளுக்குக் கோழி அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். பக்கத்து ஜன்னலில் மருந்து கொடுப்பவள் நான். அவள் தட்டும் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்பவள். கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டே விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் கொத்துவாள். வரிசையில் நிற்பவர்களுக்கு அவள் வகிடு மட்டும்தான் தெரியும்.

சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் புகார் எழுதிப் போட்டுவிட்டார். சீட்டு வாங்குவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறதாம். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா நீங்க துணி துவைக்கிற பக்கம் போயிடுங்க. இங்க வேற பொண்ணைப் போட்டுக்கிறேன்."

அன்று மட்டும் அந்த வாத்தியார் என் ஜன்னலுக்கு வந்திருந்தால், இருப்பதிலேயே கசப்பான மருந்தாகப் பார்த்துக் கொடுத்திருப்பேன்.

அக்கா வீட்டில் போய்ச் சொல்லி அழுதிருக்கிறாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். "நான் கியரைக் குனிஞ்சு பாத்துக்கிட்டா வண்டி ஓட்டுறேன்? நீ மட்டும் ஏன் விரலையே பாக்கிற?" என்றாராம். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி, கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, பத்து விரலாலும் தட்டப் பழகினாள். டிரைவர் எதிரே உட்கார்ந்து அவள் தட்டுவதற்காகச் செய்தித்தாளை வாசிப்பார், ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

"இந்தச் சுண்டுவிரல்தான்டி அடம்பிடிக்குது. இத்தனை வருஷமா சும்மா இருந்தே பழகிடுச்சு" என்று என்னிடம் புலம்புவாள்.

ஒரு நாள் துணிந்து ஆஸ்பத்திரியிலும் கீபோர்டைப் பார்க்காமல் தட்டினாள். வேகமென்றால் அப்படியொரு வேகம். அச்சாகி வந்த சீட்டில் ஒரு வார்த்தைகூடப் படிக்கிற மாதிரி இல்லை. கை ஒரு எழுத்து தள்ளி உட்கார்ந்ததால் எல்லாமே பக்கத்து எழுத்தாக விழுந்திருந்தது. வரிசையே சிரித்தது.

"பழையபடி கொத்திடுக்கா, மானம் போகுது" என்றேன்.

"போனது போகட்டும். இனிமே குனிய மாட்டேன்."

ஆள்காட்டி விரல்கள் தங்க வேண்டிய இரண்டு எழுத்துகளின் மேல், தடவினால் தெரிகிற மாதிரி சின்ன மேடு இருக்கும். எங்கள் கீபோர்டில் அது எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. என் பையிலிருந்த நகப்பாலிஷை வாங்கி அந்த இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். காய்ந்து மேடானதும் விரல்கள் தாமாகவே இடம் பிடித்துக்கொண்டன.

மறுமாதம் வாத்தியார் வந்த நேரம் பார்த்து மேனேஜரும் வந்து அவள் பின்னால் நின்றார்.

அக்கா வாத்தியாரை நேராகப் பார்த்தாள். "என்ன சார், நொண்டுறீங்க? கால்ல அடியா?"

செருப்பு கடித்த கதையை அவர் ஆரம்பித்தார். அது முடிவதற்குள் சீட்டு வெளியே வந்துவிட்டது. "புண்ணையும் சேர்த்துப் போட்டிருக்கேன். டாக்டர்கிட்ட மறக்காம காட்டுங்க."

வாத்தியார் சீட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"எழுதிப் போட்டதுக்கு உடனே ஆளை மாத்திட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்! இந்தப் பொண்ணையாவது இங்கேயே வச்சிருங்க. எங்கயும் அனுப்பிடாதீங்க."

மேனேஜர் அக்காவை ஒருமுறை பார்த்தார். கடைசியில், "அனுப்பல சார்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் மாத்திரை டப்பா கைநழுவிப் போய், மாத்திரைகள் ரூம் முழுக்க உருண்டன. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடுத்தவங்க வாங்க!"