சித்தியின் விசுக் விசுக்

தொண்ணூறுகளின் நடுவில் அடுகோடியில் நாங்கள் குடியிருந்த சந்தில், காலை வேளையில் ரப்பர் செருப்பு சிமென்டுத் தரையை அறைந்துகொண்டு போகும் ஓசை கேட்டால், எட்டிப் பார்க்காமலே அது என் சித்தி என்று சொல்லிவிடுவார்கள். கார்மென்ட்ஸ் கம்பெனியின் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டியவர் அவர். வரிசையாக வைத்த தண்ணீர்க் குடங்களுக்கு நடுவே ஒன்றிலும் இடிக்காமல் புகுந்து போகும் அந்த நடைக்கு எங்கள் வீட்டில் "விசுக் விசுக்" என்று பெயர். அது புகழ்ச்சியா குறையா என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

பிரேசர் டவுனிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்களை நான்தான் ஆட்டோ வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஏறும்போது மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரிடம், "பொண்ணு விசுக் விசுக்குனு நடக்குதுல்ல" என்றார். அதை வீட்டில் வந்து சொன்னேன்.

"அடக்கம் இல்லேன்னு குத்திக் காட்டறாங்க" என்றார் அம்மா.

"சும்மா இருடி. சுறுசுறுப்பான பொண்ணுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று என்னைக் கேட்டார்கள். அவர் வாய் நிறைய வெற்றிலை, எனக்குத் தெரியவில்லை. சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அது வேறு மாதிரி வந்தது. கடைசியில் அவர் குரல் எது, என் குரல் எது என்றே புரியாமல் போயிற்று.

முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையைச் சித்திக்கும் பிடித்திருந்தது. அதனால், முடிவு சொல்ல அவர்கள் வரவிருந்த ஞாயிறு வரைக்கும், சமையலறையிலிருந்து கூடத்துக்கு மெதுவாக நடக்க அம்மா சித்தியைப் பழக்கினார். "இப்படி நடந்தா கேட் மூடிருவாங்கக்கா" என்று முதல் நாள் சித்தி சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

ஞாயிறன்று காபித் தட்டோடு சித்தி தரையை அளப்பதுபோல நடந்து வந்தார். மாப்பிள்ளையின் அம்மா காபியை எடுக்காமல் அவர் காலையே பார்த்தார்.

"ஏம்மா, போன வாரம் நல்லாத்தானே நடந்தே? கால்ல ஏதாச்சும் கோளாறா?"

சித்தி தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விசுக்கென்று திரும்பி, விசுக் விசுக்கென்று சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்து நின்றார். அந்த அம்மா காபியை எடுத்துக்கொண்டார். கல்யாணம் நடந்தது. "கால்ல கோளாறான்னு கேட்டதும் குத்தல்தான்" என்று அம்மா மட்டும் கடைசிவரை சொன்னார்.

அந்த மாமியார் இப்போது இல்லை. சந்து இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. முழங்கால் தேய்ந்துபோன சித்தி, அம்மா பழக்கிய அதே நடையில்தான் கூடத்தைக் கடக்கிறார். போன மாதம் அவரிடம் கேட்டேன்: "புகழ்ந்தாங்களா, குத்தினாங்களா சித்தி?"

"யாருக்குத் தெரியும்? நின்னு கேக்க எனக்கு எங்கடா நேரம் இருந்துச்சு" என்றபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் காபி கொண்டுவர எழுந்து போனார்.