அக்கா வீட்டுப் படம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் வேலூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்த மாதிரி படமாகக் காட்டுவதுதான் தொழில். கம்ப்யூட்டர் ஒரே காட்சியைப் பல லேயர்களாக, தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். நிறம் தனி, வெளிச்சம் தனி, நிழல் தனி. அவற்றை போட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூட்டிக் குறைத்து, வெயிலில் நிற்கும் வீடாக்குவேன். ஆம்பூர் தோல் கம்பெனிக்காரர்கள் நிறைய வருவார்கள். அவர்கள் சுவரோரம் ஓடும் கறுப்புத் தண்ணீரைப் புல்வெளியாக்கித் தருவதில் நான் கெட்டிக்காரன். நாற்றத்துக்கு மட்டும் லேயர் கிடையாது.

அப்போதுதான் அக்காவுக்குப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. அவளே நர்ஸ் என்பதால் யாரும் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. கணியம்பாடிப் பக்கம் அவளும் மாமாவும் கட்ட ஆரம்பித்த வீடு அஸ்திவாரத்தோடு நின்றிருந்தது. மாமா பள்ளி ஆசிரியர், நல்ல உயரம். அக்கா குள்ளம். குடியிருந்த குவார்ட்டர்ஸில் மனைப்பலகை போட்டு, அதன்மேல் நின்றுதான் சமைப்பாள். சொந்த வீட்டில் சமையல் மேடை தன் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அவள் கேட்ட ஒரே விஷயம்.

"வூடு எப்டி இருக்கும்னு ஒருவாட்டி பார்த்துட்டா போதும்டா" என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி.

அவள் வீட்டுப் படத்துக்கு மெனக்கெட்ட மாதிரி எந்த வேலைக்கும் நான் மெனக்கெட்டதில்லை. சாயங்கால வெயிலை வாசற்படியில் விழ வைத்தேன். சமையலறை ஜன்னலுக்கு மட்டும் தனியாக விளக்கு போட்டேன். முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரத்தில் முதலாளி ஃபைலைத் திறந்து, வழக்கம்போல ஆட்களைச் சேர்த்து பிரிண்டுக்கு அனுப்பிவிட்டார். ஆள் இல்லாத படம் பாழடைந்த வீடு மாதிரி இருக்கும் என்பது அவர் சித்தாந்தம். எங்களிடம் ஒரு சிடி நிறைய வெட்டியெடுத்த மனிதர்கள் இருந்தார்கள். சுருட்டிக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு ஓடினேன்.

கட்டிலில்தான் பிரித்தோம். வாசற்படியில் உயரமாக, புடவை கட்டிய ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "யார்றா இவ?"

"சும்மா ஆளுக்கா. வூட்டோட அளவு தெரியறதுக்காக வெக்கிறது."

"லட்சணமாத்தான் இருக்கா" என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. "உயரமா இருக்கா. மேடைய ஏத்திக் கட்டச் சொல்லு மாமாகிட்ட. பாவம், குனிஞ்சே கஷ்டப்படுவா."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படத்தைக் கிழித்தே போட்டிருப்பேன். அக்கா அதைக் கையிலிருந்து விடவில்லை.

அலுவலகம் போய் முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தப் பெண் இருந்த லேயரை அணைத்து, மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. மாமாதான் வாங்கிப் பார்த்தார். படியில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணின் நிழல் தனி லேயரில் இருந்திருக்கிறது. ஆள் போய், நிழல் மட்டும் படியில் கிடந்தது. திருத்தித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அக்கா அதைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அடுத்த வருடம் மாமா வீட்டைக் கட்டி முடித்தார். சமையல் மேடை போடும்போது கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "சார், உங்க உசரத்துக்கு இது ரொம்பக் கம்மி. முதுகு போய்டும்."

"அளவு மாறக் கூடாது" என்றார் மாமா.

அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் போகும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து உலை வைப்பார். பாதி சமையலில் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்பார். பிறகு மறுபடியும் குனிந்து வெங்காயம் நறுக்குவார்.